பிழைதிருத்தம் அல்ல, மதிப்பீடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு மலரில் பல்கலைக்கழக ஆய்வு பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "சக பேராசிரியர்கள் ஓய்வு நேரத்தில் கட்டுரைகளை பிழைதிருத்தித் தருகிறார்கள்." பிழைதிருத்தத் தங்கள் அலுவலகத்திலேயே ஆள் இருப்பாரே, ஐயா. இதழில் வெளியிடும் முன் கட்டுரையின் தரத்தைச் சோதித்துச் சொல்லும் அதே துறை ஆய்வாளர்தான் மதிப்பீட்டாளர். அவர் பார்ப்பது வேறு. ஓர் எடுத்துக்காட்டு: 40 ஆசிரியர்களிடம் கேட்டதில் 34 விழுக்காட்டினர் 'ஆம்' என்றதாக அட்டவணை சொல்லும். கணக்குப் போட்டால் 13.6 பேர். 13 பேர் என்றால் 32.5, 14 பேர் என்றால் 35. நடுவில் 34 எங்கிருந்து வந்தது? இப்படி ஒவ்வோர் அட்டவணையாகப் பார்த்து முடிக்க ஒரு முழுநாள் போய்விடும்.

'ஓய்வு நேரம்' என்றது அதைவிட வேடிக்கை. ஸ்கோபஸ் என்னும் ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் ஆண்டுக்கு இத்தனை கட்டுரை வரவேண்டும் என்று கேபிஐ (பணி இலக்கு) வைக்கும் பல்கலைக்கழகம், மதிப்பீட்டைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஒரு கட்டுரைக்கு இரு மதிப்பீட்டாளர் என்றால், ஆண்டுக்கு நான்கு கட்டுரை அனுப்புகிறவர் எட்டு மதிப்பீடு கடன்பட்டவர். போன ஆண்டு 'நூறு கட்டுரை கண்டவர்' என்று அரைப்பக்கம் போட்டீர்களே, அவரிடம் இந்தக் கடனைப் பற்றிக் கேட்டீர்களா?

மதிப்பிடச் சம்மதிக்கும் சிலரும் வேலையை முனைவர் பட்ட மாணவர் தலையில் கட்டிவிட்டுத் தம் பெயரில் அனுப்புகிறார்கள். மாணவர் பார்க்கலாம், தப்பில்லை. இதழாசிரியரிடம் முன்பே அனுமதி கேட்டு, மாணவர் பெயரையும் தெரிவித்திருக்க வேண்டும். வெளிவராத கட்டுரையைச் சாட்ஜிபிடியில் ஏற்றி அறிக்கை வாங்குகிறவர்களும் உண்டு. கட்டுரை அவர்கள் வீட்டுச் சொத்தா?

மதிப்பிட ஆள் கிடைக்காத சந்தில்தான் மோசடி நுழைகிறது. கட்டுரை எழுதியவரே மதிப்பீட்டாளரைப் பரிந்துரைக்கலாம் என்று சில இதழ்கள் விட்டன. கொடுத்த பெயர் நிஜப் பேராசிரியருடையது, மின்னஞ்சல் முகவரி போலி; கட்டுரை போய்ச் சேர்வது பரிந்துரைத்தவர் கைக்கே. 2017இல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் ஒரே புற்றுநோய் ஆய்விதழின் 107 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது போலி மதிப்பீட்டால்தான்.

மதிப்பீட்டில் பாரபட்சம் வராமலிருக்க எழுதியவர் பெயரை மறைத்து அனுப்புவது வழக்கம். நம் தமிழ் ஆய்விதழ்களில் அது தனிக்கூத்து. முதல் பக்கத்தில் பெயர் இருக்காது. வேர்ட் கோப்பின் விவரத்தில் இருக்கும், நன்றியுரையில் மேற்பார்வையாளர் பெயர் இருக்கும், நடுவில் 'எனது முந்தைய கட்டுரையில்' என்றும் வரும். மலேசியாவில் தமிழாய்வு செய்கிறவர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்தடுத்து உட்காருகிறவர்கள். எழுதியவர் யாரென்று தெரிந்துவிட்டால் இதழாசிரியரிடம் சொல்லி விலகுவதுதான் முறை. பலர் 'நல்ல முயற்சி' என்று இரண்டு வரி எழுதி முடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த முறை 'சக மதிப்பீடு' என்று போடுங்கள், போதும். முடிந்தால் மேற்சொன்ன வரியைத் தங்கள் பிழைதிருத்துநரிடமும் காட்டுங்கள். 'கட்டுரைகளை'க்குப் பிறகு ஒரு 'ப்' விடுபட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஆய்விதழ் மதிப்பீட்டாளர் ஒருவர்,
குளுகோர், பினாங்கு