பரிசோதனைக்கு ஒரு குழாய், சாலைக்கு ஒரு குழாயா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

காரின் சத்தம் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று இளையர்கள் ஆசைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் வாகனப் பரிசோதனை அன்று மட்டும் காரோடு வந்த பழைய புகைக்குழாயை மாட்டிவிட்டு, முடிந்ததும் அலறுகிற குழாயைப் பூட்டிக்கொள்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. சிங்கப்பூரில் 3 வயதான கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பரிசோதனைக்குப் போகிறது. 10 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். மற்ற நாளெல்லாம் அந்த அலறலைக் கேட்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் கைக்குழந்தையைத் தூங்க வைக்கப் பாடுபடும் தாய்தான்.

இத்தனைக்கும் திருட்டுத்தனமே தேவையில்லை. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் கைவைக்காமல், பின்னால் உள்ள சைலன்சரை மட்டும் தரமானதாக மாற்றினாலே கனத்த குரல் கிடைக்கும். கன்வெர்ட்டரைக் கழற்றினால் நச்சுப்புகை அப்படியே வெளியேறும். நடுவில் இருந்து இரைச்சலைத் தணிக்கும் ரெசனேட்டரை வெட்டி எறிந்தாலோ, விரைவுச்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ‘கொய்ங்’ என்ற இரைச்சல் காரை நிரப்பும். மலாக்கா வரை ஓட்டிப் பாருங்கள், தலைவலி நிச்சயம்!

“கவலைப்படாதீங்க பிரதர், பாஸாகிடும்” என்று பட்டறையில் சொல்வதை நம்பிக் காசை நீட்ட வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிமுறைகளை முதலில் பாருங்கள். அப்புறம் குழாய் வாங்கலாம். அதிகாரிகளும் குடியிருப்புப் பேட்டைகளை ஒட்டி இரவு நேரத் திடீர்ச் சோதனைகளைக் கூட்டினால் நல்லது.

வாசகர்,
ஈசூன்