தரகர் அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்: பையன விசாரிக்கும்போது எத கேக்கணும்

அண்ணாச்சி,

நல்லா இருக்கியளா. இத வாட்ஸப்ல உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம், ஆனா மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல், நாகர்கோவில்னு நம்ம கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க சம்மந்தம் பேசி முடிக்கிற எல்லாரும் படிக்கணும், பொண்ண பெத்தவங்களும் படிக்கணும்னு தோணுச்சு, அதான் பொதுவுல எழுதுறேன். உங்க பேர எங்கயும் போடல.

அன்னைக்கு எனக்க அக்கா மகளுக்கு பயோடேட்டா கொண்டு வந்தப்போ டிவில ஒரு செய்தி ஓடிச்சு, பொண்டாட்டிய வெட்டி கொன்னுட்டான்னு. நீங்க காப்பி டம்ளர கீழ வச்சுட்டு சொன்னிய, "இதெல்லாம் கூலிக்காரன், குடிகாரன் வீட்டு சமாச்சாரம், நாலு இடத்துல விசாரிச்சு நல்ல குடும்பத்துல குடுத்தா இப்பிடி ஆகுமா"ன்னு. அம்மாவும் ஆமான்னு தலைய ஆட்டினாங்க. அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் நம்ம ஊர்ல பாதி கல்யாணம் நடக்குது. அது உண்மை இல்ல அண்ணாச்சி.

நான் வேலை பாக்குறது வக்கீல் ஆபீஸ்லன்னு உங்களுக்கு தெரியும்லா. குடும்ப வன்முறை மனு, ஜீவனாம்ச மனு எல்லாம் டைப் பண்ணுறது நான்தான். முத பக்கத்துல எதிர்மனுதாரர் பேரு, வயசு, தொழில், விலாசம்னு வரும். அந்த தொழில்ங்கிற இடத்துல ரப்பர் பால்வெட்டுன்னும் அடிச்சிருக்கேன், கொத்தனார்னும் அடிச்சிருக்கேன், அதே இடத்துல ஆசிரியர்னும் இன்ஜினியர்னும் வெளிநாட்டுல சூப்பர்வைசர்னும் சொந்தமா கடை வச்சிருக்கவர்னும் அடிச்சிருக்கேன். கீழ வர்ற பாராவுல தொழில் மாறினாலும் சங்கதி மாறாது, கழுத்த பிடிச்சு நெரிச்சது, போன பிடுங்கினது, அம்மா வீட்டுக்கு விடாதது. இதுல ஒண்ணு யோசிச்சு பாருங்க, மனுவுல கையெழுத்து போட்டவ எல்லாம் உயிரோட வெளிய வந்தவ, வர முடியாம போனவளுக்கு மனு கிடையாது, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்தான்.

வெளிநாட்டுல இத பத்தி நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. பிரிட்டன்ல ரெபெக்கா டோபாஷ், ரஸ்ஸல் டோபாஷ்னு ரெண்டு பேரு, கொலை கேஸ்ல தண்டனை ஆனவங்களுக்க ஃபைல் எல்லாம் எடுத்து படிச்சு 2004ல எழுதினாங்க. இன்னொரு ஆம்பளைய கொன்னவங்க ஒரு பக்கம், கட்டினவளயோ கூட வாழ்ந்தவளயோ கொன்னவங்க ஒரு பக்கம். முத கூட்டத்துல சின்ன வயசுலயே குடும்பம் சிதறினவங்க, படிப்ப பாதில விட்டவங்க, வேலை வெட்டி இல்லாதவங்க, பழைய போலீஸ் கேஸ் உள்ளவங்க ஜாஸ்தி. ரெண்டாவது கூட்டம் அவ்வளவு அப்பிடி இல்ல, வளந்த வீடு பரவால்ல, வேலையும் இருந்திருக்கு, நீங்க போய் விசாரிச்சா "ஒரு குறையும் சொல்ல முடியாது"ன்னு எழுதிட்டு வர்ற மாதிரி ஆளுக நிறைய. ஆனா ஒரு விஷயத்துல இவங்க முத கூட்டத்த விட மோசம், முன்னாடி இருந்த உறவும் முறிஞ்சிருக்கு, பொம்பளைய அடிச்ச பழக்கமும் இருந்திருக்கு.

அதுக்காக வறுமைக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லன்னு சொன்னா அதுவும் பொய். அமெரிக்காவுல ஜாக்குலின் கேம்ப்பெல்னு ஒரு நர்சிங் பேராசிரியை தலைமையில 11 நகரத்துல நடந்த ஆராய்ச்சி 2003ல வந்துது. கொல்லப்பட்ட பொம்பளைக, அடி வாங்கியும் உயிரோட இருக்கவங்க, ரெண்டு பேர் பக்கத்தையும் வச்சு ஒப்பிட்டதுல, பின்னணின்னு பாத்தா பெருசா நின்னது ஆம்பளைக்கு வேலை இல்லாததுதான், ஆபத்து கிட்டத்தட்ட நாலு மடங்கு. படிப்பு, இனம் எல்லாம் அதுக்கு பின்னாடிதான். கல்ஃப்ல வேலை போய் திரும்பி வந்து வீட்டுல இருக்கவன், கடன் ஏறி கடைய மூடினவன், நேத்து வரைக்கும் ஊர்ல மதிப்பா நடந்துட்டு இன்னைக்கு பொண்டாட்டி சம்பளத்துல சாப்பிடுறத கேவலமா நினைக்கிறவன், இவங்கள நம்ம ஊர்ல பாத்தா எனக்கு அந்த கணக்கு ஞாபகம் வரும். வேலை போன எல்லாரும் கொலைகாரன் இல்ல, கோடி பேருக்கு வேலை போகுது, அவங்கள்ல நிறைய பேரு வீட்டுல கைய ஓங்குறது இல்ல. ஏற்கனவே அடக்கி ஆளுற குணம் உள்ளவனுக்கு கையில இருந்த அதிகாரம் நழுவும்போதுதான் அது வெறியா மாறுது.

கூலிக்காரன் வீட்டுல நடக்குறது நமக்கு தெரியுது, ஏன்னா செவரு ஒட்டி செவரு, சத்தம் கேட்டா அடுத்த வீட்டுக்காரி ஓடி வருவா, தெருவே கூடும், போலீசும் டக்குனு வரும். ரெண்டு மாடி கட்டி காம்பவுண்டு சுவரு எழுப்பி கேட்டுக்கு பூட்டும் போட்ட வீட்டுல எந்த சத்தம் வெளிய வரும் சொல்லுங்க. அங்க நடந்தா குடும்ப மானம், சபையில பேரு, தங்கச்சி கல்யாணம்னு சொல்லி மூடி வச்சிருவாங்க.

குடி பத்தி சொன்னியளே. 2019-21 தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல, அடிக்கடி போதையில இருக்க புருஷன் உள்ள பொம்பளைகள்ல 70 சதவீதம் பேர் அடியோ பாலியல் வன்முறையோ பட்டிருக்காங்க. அது சரி, குடி கெடுதலே. ஆனா குடிக்கவே செய்யாத புருஷன் உள்ளவங்கள்ல எவ்வளவு தெரியுமா, 23 சதவீதம். நூறு வீட்டுல 23. நீங்க "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது"ன்னு சொல்லி குடுக்குற சர்டிபிகேட்டுக்குள்ள அந்த 23ம் இருக்கு. படிப்புல நம்ம மாவட்டம் 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுலயே முதல் இடம், 91 சதவீதத்துக்கு மேல எழுத படிக்க தெரிஞ்சவங்க, அப்பிடி இருந்தும் எங்க ஆபீஸ் பெஞ்சுல ஆளு குறையல.

கொல்லத்துல 2020ல நடந்தத மறந்திருக்க மாட்டிய. ஒருத்தன் பொண்டாட்டிய தூக்கத்துல மூர்க்கன் பாம்ப, அதான் நல்ல பாம்ப, விட்டு கடிக்க வச்சு கொன்னான், அதுக்கு முன்னாடி ஒரு தடவ அணலி, அதான் விரியன் பாம்ப வச்சும் பாத்திருக்கான், அதுல பிழைச்சு வந்தவள மறுபடியும். அவன் குடிச்சு தெருவுல கிடந்தவன் இல்ல, தனியார் நிதி நிறுவனத்துல மாச சம்பளம் வாங்கினவன், நகை, கார்னு பொண்ணு வீட்டுல அள்ளி குடுத்த சம்மந்தம். 2021 அக்டோபர்ல கோர்ட் இரட்டை ஆயுள் தண்டனை குடுத்துது. ஆத்திரத்துல கை நீண்டுட்டுன்னு சொல்லுற ஆளுகளுக்கு இந்த கேஸ் ஒண்ணு போதும். பிரிட்டன்ல ஜேன் மோங்க்டன் ஸ்மித்னு ஒருத்தங்க 372 கொலைய எடுத்து பாத்துட்டு இது எட்டு படியா நடக்குதுன்னு சொல்லுறாங்க, கடைசி படிக்கு முந்தினது திட்டம் போடுறது. திடீர்னு வர்றது இல்ல, முன்னாடியே அடையாளம் தெரியும், பாக்க ஆளு வேணும்.

அந்த அடையாளத்த நான் பக்கத்துல இருந்து பாத்தது ஒரு பிள்ளையில. அவளுக்க புருஷனுக்கு கல்ஃப்ல நல்ல சம்பளம், குடி கிடையாது, ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச். ராத்திரி வீடியோ கால் போட்டு போன சுத்தி காட்ட சொல்லுவான், அடுக்களை, கட்டிலுக்கு அடி, வெளி நடை, பின் கதவு கொண்டி போட்டிருக்கா, வெளிய கிடக்குற செருப்பு யாருக்க. காலையில மாமியாரு பால் எத்தன பாக்கெட் வாங்கினான்னு அவனுக்கு சொல்லுவா, ஒண்ணு கூடினா யாரு வந்தான்னு கேள்வி. அந்த பிள்ளை எங்க ஆபீஸ்ல இருக்கும்போதே போன் அடிச்சுது, எடுத்து "பேங்க்ல நிக்கேன்"னு சொல்லிச்சு, உடனே அவன் பேங்க் போர்ட காட்டுன்னான். கை நடுங்கிட்டு இருந்தது நான் பாத்தேன். அவள அவன் ஒரு தடவ கூட அடிச்சது இல்ல, அதனால வீட்டுல யாரும் அத பெருசா எடுக்கவும் இல்ல, "பாசம் ஜாஸ்தி"ன்னு அவளுக்க அப்பாவே சொல்லுறாரு.

இப்ப உங்க கிட்ட நேரா சொல்லுறது இதுதான். கேம்ப்பெல் ஆராய்ச்சியில ரொம்ப பெரிய எண்ணுகள்ல ஒண்ணு எதுன்னா, ரொம்ப அடக்கி வச்ச ஆளு கிட்ட இருந்து பொம்பளை பிரிஞ்சு வர்ற நேரம், ஆபத்து சுமார் ஒம்பது மடங்கு. நம்ம ஊர்ல அந்த நேரத்துல யாரு உள்ள வருவா, நீங்கதான். பிள்ளை பொட்டிய தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்த அடுத்த நாளே பையன் வீட்டுல இருந்து உங்களுக்கு போன் வரும், நீங்க ஊர் பெரியவர், பாஸ்டரு, தாய்மாமன்னு கார்ல நாலு பேரு போய் "கொஞ்சம் பொறுத்து போ மக்களே, ஆம்பளைன்னா அப்பிடித்தான்"னு சொல்லி அன்னைக்கே கூட்டிட்டு போய் விட்டுட்டு வருவிய. நல்ல எண்ணத்துலதான் பண்ணுறிய, எனக்கு அது தெரியும், குடும்பம் ரெண்டா போக கூடாதுன்னு நினைக்கிறிய. ஆனா அவன் கத்திய எடுக்குற நேரத்துல நீங்களே அவள அவன் கையில குடுக்குறிய அண்ணாச்சி. அவ எங்க தங்கியிருக்கா, எத்தன மணிக்கு வேலைக்கு போறான்னு அவனுக்கு சொல்லவே சொல்லாதீங்க. கடைசியா ஒரு தடவ தனியா பேசிட்டு போறேன்னு கெஞ்சினாலும் ஏற்பாடு பண்ணாதீங்க. 2005 குடும்ப வன்முறை சட்டத்துல புருஷன் கூட வாழ்ந்த அதே வீட்டுல இருக்க அவளுக்கு உரிமை இருக்கு, அவன் கிட்ட வர கூடாதுன்னு கோர்ட்ல உத்தரவு வாங்கலாம், பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க, 181க்கு எந்நேரமும் கூப்பிடலாம், கொல்லுவேன்னு மிரட்டினா 112. அந்த நம்பர உங்க பயோடேட்டா நோட்டுல முத பக்கத்துல எழுதி வைங்க.

பொம்பளையும் கொல்லுறாளேன்னு கேப்பிய, நம்ம பார்டர்ல 2022ல ஒரு பிள்ளை காதலனுக்கு கஷாயத்துல விஷம் கலந்து குடுத்து கொன்ன கேஸ எல்லாரும் சொல்லுவாங்க. ஆமா, படிச்ச பிள்ளைதான், 2025 ஜனவரில நெய்யாற்றின்கரை கோர்ட் தூக்கு தண்டனை குடுத்துது. அந்த பையனுக்க அம்மா அப்பாவ நினைச்சா இன்னைக்கும் மனசு ஆறல. ஆனா கணக்குன்னு பாத்தா 2013ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த உலக அளவு ஆய்வுல, கொல்லப்பட்ட பொம்பளைகள்ல 38 சதவீதத்துக்கு மேல துணையோட கையால செத்தவங்க, ஆம்பளைகள்ல அது 6 சதவீதம்.

இன்னொண்ணு, இத நான் ரொம்ப நம்புறேன். எல்லாரும் பையனுக்க சொத்து பின்னணிய விசாரிக்கிறிய, பொண்ணுக்க பின்னணிய யாரும் பாக்குறது இல்ல, அவ பேர்ல என்ன இருக்குன்னு. களியக்காவிளை தாண்டினா திருவனந்தபுரம் ஜில்லா, அங்க பிரதீப் பாண்டா, பீனா அகர்வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 500 சொச்சம் பொம்பளைங்க கிட்ட பேசி 2005ல எழுதினாங்க. நிலமும் இல்லாம வீடும் இல்லாம இருந்தவங்கள்ல 49 சதவீதம் பேர் புருஷன் கிட்ட அடி வாங்கியிருக்காங்க. நிலமும் வீடும் சொந்த பேர்ல இருந்தவங்கள்ல 7. படிப்பு, வருமானம் எல்லாத்தையும் சேத்து பாத்தும் அந்த வித்தியாசம் நின்னுது. போக ஒரு இடம் இருக்குன்னு அவனுக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும், அவ்வளவுதான் காரணம். நம்ம பழைய திருவிதாங்கூர்ல 1916 சட்டப்படி, அப்பா உயில் எழுதாம செத்தா கிறிஸ்தவ பொண்ணுக்கு மகன் பங்குல கால்வாசி இல்லன்னா 5000 ரூபா, எது குறைவோ அது, 1986ல மேரி ராய் வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லித்தான் அது ஒழிஞ்சுது. சட்டம் போச்சு, "உனக்கு நகை போட்டாச்சுல்லா, வீடு தம்பிக்கு"ங்கிறது போகல. நூறு பவுனும் காரும் குடுக்க அப்பன் கடன் வாங்குறாரு, அந்த பவுன் ஆறே மாசத்துல புருஷன் பேர்ல அடகு கடையில இருக்கு. அந்த காசுக்கு மூணு சென்ட்ல ரெண்டு ரூம் கட்டி மக பேருக்கு செட்டில்மெண்ட் எழுதி குடுங்கன்னு நீங்க சொன்னா கேப்பாங்க அண்ணாச்சி, நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க, ஏன்னா சீதனம் பேசுற இடத்துல உக்காந்திருக்கது நீங்கதான்.

அப்புறம் அக்கா மகளுக்கு கொண்டு வந்த அந்த பையன் விஷயம். வேலை நல்லது, வீடு நல்லது, எங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா அவனுக்கு முன்னாடி ஒரு நிச்சயம் நடந்து நின்னு போச்சுன்னு கேள்விப்பட்டோம், நீங்க "அது பொண்ணு வீட்டுல தப்பு"ன்னு ஒரே வரில முடிச்சிட்டிய. பையன் வீட்டுல கேட்டது போதாது, அந்த பொண்ணுக்க வீட்டுக்கு போங்க, முடிஞ்சா அவளுக்க அம்மா கிட்ட தனியா கேளுங்க, ஏன் நின்னுது, அவன் ஒரு நாளைக்கு எத்தன தடவ போன் பண்ணுவான், எடுக்கலன்னா என்ன செய்வான், மாட்டேன்னு சொன்ன அன்னைக்கு அவன் எப்பிடி நடந்துகிட்டான், அதுக்கு அப்புறமும் பின்னாடி வந்தானா. அவன் கூட வேலை பாக்குற பொம்பளைக கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. அத கேட்டுட்டு வந்து சொல்லுங்க, அதுக்கு அப்புறம் பொண்ணு பாக்க நாள் குறிப்போம். அது வரைக்கும் அவங்க கிட்ட எங்க பிள்ளைக்க போன் நம்பர குடுக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்க பழைய பக்கத்து வீட்டு பிள்ளை