கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கு வரும் ஆசிரியர்களுக்கு

இந்த ஜூனில் எங்கள் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளில் வேலைக்குச் சேரப்போகும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். இங்கேயே தமிழில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவன். இப்போது என் பிள்ளைகள் படிக்கிறார்கள். உங்களில் சிலர் வெளியூரிலிருந்து வருவீர்கள், சிலர் இந்த ஊர்க்காரர்களாகவே இருப்பீர்கள். எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்கள் படிப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட் தேறித்தான் வருகிறீர்கள். தொடக்கப் பள்ளிக்கான அந்தத் தேர்வின் 150 கேள்விகளில் 30 கேள்விகள் குழந்தை வளர்ச்சியையும் கற்பித்தலையும் பற்றியவை. குழந்தையைப் பற்றி நீங்கள் படித்தது அதில் தெரிந்துவிடும். ஒரு குழந்தை திக்கித் திணறிப் பேசும்போது முழுதும் கேட்டு முடிக்கும் பொறுமை இருக்கிறதா என்பது வகுப்பறையில்தான் தெரியும். ஒரு ஆசிரியரிடம் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் கொங்குத் தமிழ் பேசுவார்கள். கடையிலும் பஸ்ஸிலும் மலையாளம். ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்து வரும். அதைக் கேட்டு ஆசிரியர் சிரித்தால் வகுப்பே சிரிக்கும். அப்புறம் அந்தப் பிள்ளை கை தூக்காது. மலையாளம் மட்டும் தெரிந்தவர்கள்தான் சிரிப்பார்கள் என்றில்லை, தமிழில் பட்டம் வாங்கியவர்களும் சிரித்துப் பார்த்திருக்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் பிள்ளைகளை அடிப்பதோடு மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. கேலியும் அதில் அடங்கும் என்றே நான் நினைக்கிறேன்.

எனக்குச் சமூக அறிவியல் எடுத்த ஒரு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஆழியாத்துத் தண்ணி எங்க வாய்க்காலுக்கு மட்டும் ஏனுங்க சார் வர மாட்டேங்குது?" என்று ஒரு பையன் கேட்டான். பாடத்தில் இல்லாத கேள்வி. "அதிகப்பிரசங்கி, உட்காரு" என்று சொல்லியிருக்கலாம். அவரோ "எனக்குத் தெரியலையே, விசாரிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றார். சொன்னபடி விசாரித்தும் வந்தார். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970ல் கையெழுத்தானது, மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும், அது மூலத்தரையில் கால்வாய்களுக்குப் பிரிகிறது, கடைமடைக்குப் போகப் போகக் குறைகிறது என்று போர்டு முழுக்கப் படம் போட்டு விளக்கினார். வகுப்பில் பாதிப் பேர் விவசாயிகளின் பிள்ளைகள். அன்றைக்கு வீட்டில் அப்பாக்களுக்கு நாங்கள்தான் பாடம் எடுத்தோம். பிள்ளைகள் முன்னால் தெரியாது என்று சொல்வதால் மரியாதை குறையும் என்று பயப்படாதீர்கள். நாங்கள் அவரை அதற்குப் பிறகுதான் அதிகம் நம்பினோம்.

பாரபட்சம் பார்க்காதீர்கள். நாலாம் வகுப்பு ஸ்காலர்ஷிப் வாங்கக்கூடிய நாலைந்து பேரிடமே கவனம் முழுவதும் போய்விடுகிறது. எரவாளர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை எந்தப் பெஞ்சில் உட்காருகிறது, அதை ஒரு நாளில் எத்தனை முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், லீவு போட்ட பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் காரணத்தைக் கேளுங்கள். பொங்கலுக்கு அரசே பாலக்காடு மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறது. மாரியம்மன் நோம்பி ஊருக்கு ஊர் வேறு நாளில் வரும், எந்தக் காலண்டரிலும் இருக்காது. அம்மா பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லுக்கு வேலைக்குப் போன நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பெண்ணும் இருப்பாள். அவளிடம் கொஞ்சம் இதமாகப் பேசினால் மறுநாள் வந்துவிடுவாள்.

வந்த வருடமே டிரான்ஸ்ஃபருக்கு எழுதிப் போடுபவர்கள் உண்டு. குடும்பம் தூரத்தில் இருந்தால் அது நியாயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிந்தால் ஒரு வகுப்பை ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் பார்த்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வகுப்பு பி.டி.ஏ. கூட்டத்தை வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்கு வைக்காதீர்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வர எங்கள் பெண்களால் முடிவதில்லை. வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று பேச்சும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். எங்கள் தெருவிலிருந்து எல்லாரையும் கூட்டி வருவது என் பொறுப்பு.

அன்புடன்,
ஒரு பெற்றோர்