காபி மூட்டைக்குப் பின்னால் ஒரு சர்வர்

சேலம், ஃபேர்லேண்ட்ஸ்
தை, ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள கலா,

முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. ஆவணியில் உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. நீ அனுப்பிய இரண்டு மெசேஜுக்கும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடிவிட்டேன். அம்மாவுக்கு மூட்டு வலி, மற்றபடி நலம். சின்னவன் எட்டாவது படிக்கிறான். இருமுவதும் கண்ணாடியை ஏற்றிவிடுவதும் அப்படியே தாடி சார், பார்த்தால் நீ எழுந்து நின்றுவிடுவாய். சரி, குசலம் முடிந்தது.

மார்கழியில் ஏற்காடு போய் வந்தேன். சுற்றிப் பார்க்க என்று நினைக்காதே. ஒரு நாள் சாயங்காலம் நாலரைக்கு எஸ்டேட் ரைட்டர் போன் பண்ணினார். "மேடம், எடை ஏற மாட்டேங்குதுங்க." அறுவடை நேரம். பழம் பறித்த பெண்கள் மூட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். யார் எத்தனை கிலோ என்று பதிந்தால்தான் கூலி. எங்கள் கிளைகளின் டேட்டாபேஸ்களை, அதாவது கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்குக் கிடங்குகளை, பார்த்துக்கொள்வதுதானே என் வேலை. சரி, அந்த எடை எந்த சர்வரில், எந்தக் கிடங்குக் கம்ப்யூட்டரில், ஏறுகிறது என்று, எனக்கு முன் இதைப் பார்த்துக்கொண்டிருந்த பொடி அண்ணன் ரிட்டயர் ஆகும்போது கொடுத்துவிட்டுப் போன டைரியைப் புரட்டுகிறேன். அதில் 9 சர்வர்கள். ஆத்தூர் ஜவ்வரிசி ஆலை இருக்கிறது, அம்மாபேட்டை நூல் குடோன் இருக்கிறது, ஏற்காடு இல்லவே இல்லை!

ரைட்டரை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவு, பதினான்காவதில் வழக்கம்போல. நீ இருந்திருந்தால் எலுமிச்சம்பழம் கொடுத்திருப்பாய். டிரைவர் பாலிதீன் பை கொடுத்தார்.

ஸ்டோர் ரூமில், காபி மூட்டைகளுக்குப் பின்னால், இரண்டு செங்கல் மேல் ஒரு பலகை, பலகை மேல் ஒரு பழைய டவர் பிசி. மானிட்டர் கிடையாது. விசிறி மட்டும் கரகரவென்று சுற்றுகிறது. நெற்றியில் ஒரு காகிதம்: "தயவுசெய்து அணைக்காதீர்கள்". அந்தத் தூசியை யாருக்கடி அணைக்கத் தோன்றும்? எல்லா அதிகாரமும் உள்ள 'எஸ்ஏ' லாகினின் பாஸ்வேர்டு பக்கவாட்டில் பேனாவால் எழுதியிருந்தது. எஸ்டேட் நாயின் பெயர்.

உள்ளே மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள், எஸ்க்யூஎல் சர்வர் 2008 ஆர்2, எக்ஸ்பிரஸ் எடிஷன். நீ கிளாஸில் சொல்லிக்கொடுப்பாயே, இந்த இலவசப் பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் போகாது என்று. அதேதான். தராசு புரோகிராம் எழுதிய புண்ணியவான், தட்டில் முள் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறான். எத்தனையோ வருஷத்து ஆட்டம், 6 ஜிபிக்கு மேல். அன்றைக்கு சாயங்காலம் 10 நிரம்பியது, இனி ஒரு வரிகூட ஏறாது என்று உட்கார்ந்துவிட்டது. வெளி டிஸ்கில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அந்த டேபிளைக் காலி செய்தேன். ஃபைல் அளவு அப்படியேதான் இருந்தது, உள்ளே இடம் விட்டது, எடை ஏறியது. ரைட்டர் கடுங்காப்பி கொடுத்தார். கை நடுக்கம் குளிராலா பயத்தாலா என்று இன்னும் தெரியவில்லை.

பயம் எதற்கென்றால், பேக்கப்புக்காக. எக்ஸ்பிரஸில், குறித்த நேரத்துக்கு வேலையைத் தானாக ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, அதனால் யாரோ விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் பேக்கப் கட்டளைகள் எழுதிய ஒரு பேட்ச் ஃபைல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது தினமும் ராத்திரி ஒழுங்காக ஓடியிருக்கிறது, தினமும் "வெற்றி" என்று எழுதியிருக்கிறது. எழுதிவைத்த இடம் டி டிரைவ். அதே பிசியின் அதே ஒற்றை டிஸ்க், கலா! அது செத்திருந்தால் டேட்டாவும் பேக்கப்பும் ஒரே பாடையில் போயிருக்கும். அந்த வெர்ஷனுக்கு 2019 ஜூலை 9-ஓடு மைக்ரோசாஃப்டின் ஆதரவும் நின்றுவிட்டது. புது மிஷின் கேட்டால் எங்கள் ஆபீஸில் வரும் பதில் உனக்குத் தெரியும்: "ஓடுதுல்ல?"

திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. கிளை கிளையாகப் போய் மேஜைக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தேன். ஒன்பது என்று நம்பிக்கொண்டிருந்த இடத்தில் 19 இருக்கிறது! எஸ்க்யூஎல் சர்வர் 13, வேறு டேட்டாபேஸ் மென்பொருள்களான மைஎஸ்க்யூஎல் 4, போஸ்ட்கிரஸ் 2. எந்த வெர்ஷன், எந்த ஊர், யாருடைய பில் இதில் ஓடுகிறது, பேக்கப் எங்கே போகிறது, நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் ரொம்ப நாளானது. பாதி இடங்களில் "பொடி அண்ணன்" என்றார்கள்.

அப்புறம் அந்த 13 எஸ்க்யூஎல் சர்வரையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க சென்ட்ரல் மேனேஜ்மென்ட் சர்வர் வைத்தேன். 2008 பதிப்பிலேயே வந்த வசதி, இத்தனை நாள் தொடாமல் இருந்தது என் தப்பு. ஒரு சர்வரைத் தலைவராக வைத்து மற்றவற்றை அதன் கீழ் குரூப் குரூப்பாகச் சேர்க்க வேண்டும். தலைவர் தன்னை அதே பெயரில் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளாது, ஆற்றைக் கடந்துவிட்டுத் தன்னை விட்டு எண்ணிய சீடர்கள் மாதிரி. அதனால் என் திரையில் 12. பாஸ்வேர்டு எதையும் வைத்துக்கொள்ளாது, விண்டோஸ் லாகின் மட்டும்தான். அதற்காகவே ஏற்காட்டு டேட்டாவை, ஒருவழியாகக் கிடைத்த புது மிஷினுக்கு மாற்றி, ஆபீஸின் பொது விண்டோஸ் லாகின் செல்லும் டொமைனில் சேர்த்தேன். நாய்க்கு விடுதலை.

ஒரு கேள்வியை எழுதி ஓட்டினால் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்கின்றன, பக்கத்தில் சர்வர் பெயரோடு. முதல் நாள், பேக்கப் விவரங்களை எஸ்க்யூஎல் சர்வரே குறித்துவைக்கும் எம்எஸ்டிபியில் பேக்கப் செட் டேபிளைத்தான் கேட்டேன்: ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் கடைசி முழு பேக்கப் எப்போது? இரண்டு டேட்டாபேஸுக்கு நேராகத் தேதியே இல்லை. ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அதில் ஒன்று சம்பளம்! அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். கீழே 11/12 என்று காட்டினால் ஏற்காட்டில் லைன் போய்விட்டது என்று அர்த்தம். பதில் என்னவோ ஒழுங்காக வந்த மாதிரியே இருக்கும், ஒரு சர்வர் குறைவது கண்ணில் படாது.

நீ சிரிக்காமல் இருந்தால் இதையும் சொல்கிறேன். ஒரு சர்வரோடு இருக்கும்போது திரையில் கீழே உள்ள பட்டை காக்கி நிறம். குரூப்போடு இருந்தால் ரோஸ். போன செவ்வாய்க்கிழமை ஆத்தூரில் மட்டும் ஒரு அப்டேட், டேட்டாவை மாற்றும் கட்டளை, போட வேண்டும். எழுதி, ஓட்டும் பட்டனான எஃப்5 மேல் விரலை வைத்துவிட்டேன். பட்டை ரோஸ், அழுத்தியிருந்தால் குரூப் முழுக்க மாறியிருக்கும். விரலை எடுத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன். புரோகிராம் எழுதுபவர்கள் கோடுகளைச் சேர்த்துவைக்கும் கிட்லேப் தளத்தின் 2017 ஜனவரி 31 கதை ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி நேரத்தில் அலுத்துப்போன ஒருவர், வேறு சர்வர் என்று நினைத்து நடப்பு டேட்டாபேஸையே அழித்தார். சுமார் 300 ஜிபி. பேக்கப் வழிகள் என்று வைத்திருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான், அந்த நேரத்து நகல்தான், காப்பாற்றியது. அன்றைக்கு அவரை நாம் எவ்வளவு கிண்டல் செய்தோம்! அது எனக்கு இப்போது உறுத்துகிறது.

கார்த்திகையில் எனக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஆபீஸ் பையன் வீட்டு வாசலில் வந்து நின்று பாஸ்வேர்டு கேட்டான். 102 டிகிரியில் ஏதோ சொல்லி அனுப்பினேன். தப்பான பாஸ்வேர்டு. அவன் மறுபடி வந்தபோது அம்மா, "அவ தூங்குறா, நாளைக்கு வா" என்று கதவைச் சாத்திவிட்டாள். ஆலையில் அன்று லாரிகளுக்குக் கையால் பில் போட்டார்களாம். பொடி அண்ணனை நான் எத்தனை திட்டு திட்டியிருப்பேன், எல்லாவற்றையும் மண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டார் என்று. இப்போது அந்த மண்டை என்னுடையது. டைரியை எழுதி, பாஸ்வேர்டுகளை ஒரு கவரில் ஒட்டி ஆபீஸ் பீரோவில் வைத்திருக்கிறேன். ஆனால் பிரித்துப் பார்த்தால் புரிந்துகொள்ள ஒரு ஆள் வேண்டுமே.

அதனால் கேட்கிறேன், விளையாட்டில்லை. உன் கடைசி வருஷப் பிள்ளைகளில் ஒருத்தியைக் கோடையில் இங்கே அனுப்பு. கெட்டிக்காரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சந்தேகப் பிராணியாக இருக்க வேண்டும். "வெற்றி" என்று திரையில் வந்தால் நம்பாதவள். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் வீட்டில், அம்மா சம்மதித்தாயிற்று.

மாசியில் நீ வருவதாகச் சொன்னது நிஜமா? வந்தால் தட்டுவடை செட் என் செலவு. சனிக்கிழமை மட்டும் வேண்டாம். ஒரு பழைய மிஷினில் வாரம் ஒரு பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, அதிலிருந்து டேட்டா திரும்ப வருகிறதா என்று பார்க்கிறேன், முடியச் சாயங்காலம் ஆகிவிடும். நேற்று சம்பள டேட்டாபேஸ். 40 நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

உன்,
மலர்

பி.கு. ரைட்டர் கொடுத்த காபித் தூளில் கால் கிலோ உனக்கென்று எடுத்துவைத்தேன். பாதியை நானே குடித்துவிட்டேன்.