ஆத்தூர் அண்ணாச்சிக்கும் எங்களைக் கரைசேர்த்த அனைவருக்கும்

தூத்துக்குடி மாவட்டம் ஏரலுக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையோரம் இருக்கும் எங்கள் சிற்றூரின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெருமழையும் வெள்ளமும் இங்கு செய்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். படகுகளைக் கொண்டுவந்த கடற்கரை மீனவர்கள், மொட்டைமாடியில் அடுப்பு மூட்டி எங்களுக்கும் சேர்த்துப் பொங்கிய பக்கத்து ஊர்ப் பெண்கள், மருந்தும் போர்வையும் சுமந்து வந்த வெளிமாவட்ட இளைஞர்கள், இடுப்பளவுச் சேற்றில் நின்று மின்கம்பம் நட்ட பணியாளர்கள் அனைவருக்கும் ஊரார் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

ஆத்தூரிலிருந்து வந்த, கொடிக்கால் என்னும் வெற்றிலைத் தோட்டம் வைத்திருக்கும் அண்ணாச்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சோறும் ரொட்டியும் தாராளமாக வந்தன. ஆனால் வெற்றிலை இல்லாமல் எங்கள் ஆச்சிமார் வாய் கசந்து கிடந்ததை யாரும் கேட்கவில்லை, இந்த நேரத்தில் அதையா கேட்பது என்று அவர்களும் சொல்லவில்லை. அண்ணாச்சி வாழைமட்டையில் பொதிந்த வெற்றிலைக் கட்டோடும் பாக்கு, சுண்ணாம்போடும் சேற்றில் நடந்து வந்தார். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2023ஆம் ஆண்டில்தான். நீர் தேங்கினால் கொடியின் வேர் அழுகிவிடும் என்பதால் அவருடைய கொடிக்கால் பிழைக்காது என்று எங்களுக்குத் தெரியும். காசு கொடுக்கப் போனபோது, எப்படியும் வாடப்போகிற கொடிதானே, ஆச்சிமார் வாயிலாவது சிவக்கட்டும் என்று மறுத்துவிட்டார்.

பொதிகையில் பிறக்கும் ஆறு, எட்டாவது அணைக்கட்டான திருவைகுண்டத்தைத் தாண்டிப் புன்னைக்காயலில் கடல் சேரும்வரை கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான், பாண்டியர் துறைமுகமான கொற்கையையும், பின்னர் மார்க்கோ போலோ கண்ட காயலையும் கடலிலிருந்து விலக்கியது. எங்கள் வாழையும் அண்ணாச்சியின் கொடியும் அந்த வண்டலில் வளர்ந்தவையே. அதனால், ஆற்றின் மீது எங்களுக்குக் கோபம் வரவில்லை. இம்முறை வயல்களில் அது ஏற்றிவிட்டுப் போன மணலைப் பார்க்கும்போது மட்டும் வயிறு எரிகிறது.

அண்ணாச்சி, கொடி படர அகத்தி விதைத்து அது வளர்ந்த பிறகுதான் நீங்கள் மறுபடியும் கொடி நட முடியும். பாத்தி வெட்டும் நாள் முதல் கொடி கட்டும் நாள் வரை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் வருவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். நாளைச் சொல்லி அனுப்புங்கள். கூலிப் பேச்சு மட்டும் எடுக்கக் கூடாது.