ஆகஸ்டில் ஸ்வெட்டர்

அன்புள்ள சரவணா,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உன் மாமனார் ஊருக்குக் கிளம்பிவிட்டாரா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கனடாப் பக்கமிருந்து குளிர் இறங்கி, விஸ்கான்சினில் ஆகஸ்டிலேயே காலையில் ஸ்வெட்டர் தேட வைத்துவிட்டது. நீ ஹூஸ்டனில் வெந்துகொண்டிரு.

ஜூலையில் பாதி நாள் ஏரிப் பக்கமே போகவில்லை. தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மஸ்கி மீனுக்குத் தூண்டில் போடக் கூடாது என்று உனக்கே தெரியும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதில் போராடிக் களைத்த மீன் வாலை ஆட்டிக்கொண்டு போவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவோம், அது அப்புறம் எங்கேயோ போய்ச் செத்து மிதக்கும். நம் தாடிக்காரர் கேட்டால்தானே! அந்த வெயிலிலும் போய், மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் அனுப்பினார். நான் பதிலே போடவில்லை. 50 அங்குலம் வளர 15 வருஷத்துக்கு மேல்கூட ஆகும் மீனடா அது, ஒரு படத்துக்காகவா?

அதனால்தான் குளிர் வந்ததும் சிப்பேவா ஃப்ளோவேஜ் ஏரிக்கு ஓடினேன். முதல் நாள் வானம் துடைத்துவிட்டது போல நீலம். பக்டெயில் என்ற செயற்கை இரையை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் ஒன்றுகூடப் பின்னால் வரவில்லை, எல்லாம் பாசிக்குள் முடங்கிவிட்டன. மறுநாள் மேகம் மூடிக் காற்று கிளம்பியது. சின்ன இரையாக மாற்றி, பாசியோரமாக மெதுவாக இழுத்தேன். படகு வரை ஒன்று பின்னாலேயே வந்து நின்று முறைத்தது. கோல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு போட்டேன், ஆர்.டி.ஓ. மைதானத்தில் நீ போட்ட எட்டு மாதிரி இல்லை, ஒழுங்கான எட்டு. இரண்டாவது வளைவில் கவ்வியது பார், முழங்கை வரை அதிர்ந்தது!

வலையைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே கொக்கியை வெட்டி விட்டுவிட்டேன். படம் இல்லை. நீ நம்பமாட்டாய். ஹேவர்டில் அந்த 143 அடி மஸ்கி சிலையின் வாயில் நின்று எடுத்த படத்தைக் காட்டி நீ வீட்டில் அளந்ததை நான் நம்பினேனா என்ன?

அக்டோபரில் கட்டாயம் வா. விமானச்சீட்டு இப்போதே போடு, தாடிக்காரரிடம் மட்டும் சொல்லாதே.

உன்,
பாலு