அள்ளிக் கொடுப்பவர்களிடம், அளந்து சாப்பிடும் பிள்ளைகளுக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நன்கொடை கேட்கிற கடிதத்தை ‘கொடுக்காதீர்கள்’ என்று தொடங்குவது முறையல்ல என்று குழுவில் இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். இருந்தாலும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. பி.கே.யூ. என்ற அரிய பிறவி நோய் உள்ள எங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பிட எதையும் கொடுக்காதீர்கள். பால்பவுடர் டின், பிஸ்கட், அவித்த முட்டை, பாதாம், பண்டிகைப் பலகாரம் எதுவும் வேண்டாம். கொடுக்க மனமிருந்தால் பணமாகக் கொடுங்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பாம்பனிலிருந்து தொண்டி வரை, இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி வரை, நம் கடற்கரையில் மெலிந்த பிள்ளையைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. “ஒரு துண்டு மீனை வாயில் வையுங்கள், பிள்ளை தேறிவிடும்” என்று சொல்லாத பெரியவர் இல்லை. ரமலானில் நோன்புக் கஞ்சி, மாதா கோயில் திருவிழாவில் சாப்பாடு, நவராத்திரியில் சுண்டல் என்று வருடம் முழுக்க யாராவது கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் பி.கே.யூ. என்கிற ஃபீனைல்கீட்டோனூரியா உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு துண்டு மீன், இரண்டு நாளைக்குச் சாப்பிட வேண்டிய புரதம்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. நாம் சாப்பிடும் எல்லாப் புரதத்திலும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. தேவைக்கு மேல் வருவதை உடைத்து மாற்றுவதற்குக் கல்லீரலில் ஒரு நொதி வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த நொதி வேலை செய்வதில்லை, அல்லது போதுமான அளவு வேலை செய்வதில்லை. உடையாமல் நிற்பது ரத்தத்தில் ஏறி, வளர்கிற மூளையைக் கெடுக்கிறது. பிறக்கும்போது பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலத்தான் இருக்கும். கவனிக்காமல் விட்டால் மாதங்கள் போகப் போக வலிப்பு, வளர்ச்சித் தடை, பேச்சு வராமை, தோலில் தடிப்பு, சிறுநீரில் ஒரு மக்கல் வாடை என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். மூளைக்கு ஒருமுறை வந்த கேட்டை முழுவதும் திருப்ப முடியாது. பிறந்த சில வாரங்களுக்குள் உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கிவிட்டால் அதே பிள்ளை பள்ளிக்குப் போகும், படிக்கும், வேலைக்குப் போகும். இடையில் நிற்பது சாப்பாடு ஒன்றுதான்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது. சொந்தமே இல்லாத இருவருக்கும் வருகிறது. ஆகவே யார் வீட்டு ரத்தம் என்று பஞ்சாயத்துப் பேச இதில் ஒன்றுமில்லை. பிள்ளை பெற்ற மருமகளைக் குத்திப் பேசுபவர்கள் பாதி பழுது மகனுடையது என்பதையும் சேர்த்துப் பேசட்டும்.

இனி அளவு. கடுமையான பி.கே.யூ. உள்ள பல பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 250 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஃபீனைல்அலனின் தாங்கும். சிலருக்கு அதற்கும் குறைவு, சிலருக்குச் சற்றுக் கூடுதல். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக் கணக்கில் அது ஏறக்குறைய 5 கிராம் புரதம். 100 கிராம் அரிசியில் 7 முதல் 8 கிராம் புரதம் இருக்கிறது. துவரம்பருப்பில் 22 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். அதாவது ஒரு முட்டையோடு அன்றைய கணக்கு தாண்டிவிடுகிறது. அரிசியாக மட்டுமே கொடுத்தால் நாள் முழுவதற்கும் 65 கிராம். அரை டம்ளர்கூட வராது. காய்கறியில் இருப்பதையும் அதற்குள்தான் கழிக்க வேண்டும்.

அப்படியானால் பிள்ளை எதைச் சாப்பிட்டு வளர்கிறது? ஃபீனைல்அலனின் நீக்கப்பட்ட அமினோ அமில மாவு ஒன்று இருக்கிறது. வளர்ச்சிக்கு வேண்டிய மற்ற அமினோ அமிலங்கள் அதில்தான் இருக்கின்றன. தண்ணீரில் கரைத்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பிரித்துக் குடிக்க வேண்டும். வாடை சகிக்காது. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வலது கையை நீட்டுவாள். உள்ளங்கையில் ஒரு பனங்கற்கண்டு விழுந்தால்தான் மூக்கிலிருந்து கை எடுப்பாள். கைக்குழந்தையானால் இந்த மாவோடு அளவறிந்து தாய்ப்பாலும் கொடுக்கலாம். தாய்ப்பாலை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. இதை அறியாமல் பால் மறக்கடித்துவிட்டு அழுத தாய்மார்கள் எங்களிடையே உண்டு.

இதைப் பத்தியம் என்று சொல்லலாம். ஆனால் மருந்து முடிந்ததும் முடிந்துபோகிற பத்தியம் அல்ல, வாழ்நாள் பத்தியம். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கடுமை: பெரியவளாகிக் கருத்தரிக்கும் முன்பிருந்தே ரத்த அளவைக் கட்டுக்குள் வைக்காவிட்டால், வயிற்றில் வளரும் சிசுவுக்கு அந்த நோயே இல்லாவிட்டாலும் மூளையும் இதயமும் பாதிக்கப்படும்.

உச்சிப்புளியில் ஒரு வாடகை அறையில் எங்கள் பொதுச் சமையலறை நடக்கிறது. இரண்டு அடுப்பு, ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒவ்வொரு கிராமையும் காட்டும் மின்னணுத் தராசு, சுவரில் கரும்பலகை. பெற்றோர் முறை வைத்து வந்து சமைக்கிறார்கள். இங்கே கற்றுக்கொண்டதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மீன் குழம்பு மணக்காத வீடு நம் ஊரில் ஏது? வீடு முழுக்கக் குழம்பு மணக்க, ஒரு பிள்ளை மட்டும் வெறும் சோற்றைப் பிசைந்தால் எத்தனை நாள் தாங்கும்? அதனால் முண்டு மிளகாய், மல்லி, புளி எல்லாம் சேர்ந்து குழம்பு கொதித்து வரும் நேரத்தில், மீனைப் போடும் முன் இரண்டு கரண்டியைத் தனிச் சட்டிக்கு மாற்றிக் கத்தரிக்காயைப் போட்டுவிடுகிறோம். அம்மியில் வைத்த கையும் மசாலாவும் ஒன்றுதான். பிள்ளைக்கு வீட்டுக் குழம்பு கிடைத்துவிடுகிறது. கரண்டி மட்டும் மாறிப்போகக்கூடாது. மீன் சட்டியில் போன கரண்டி இந்தச் சட்டிக்கு வரக்கூடாது.

சேலத்து ஜவ்வரிசி எங்களுக்குப் பெரிய துணை. 100 கிராமில் அரை கிராம் புரதம்கூட இல்லை. கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி, சுரைக்காய், வெள்ளைப் பூசணி, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் நம் கடைத்தெருவில் கிடைப்பவை. மரவள்ளி மாவும் ஊறிய ஜவ்வரிசியும் கலந்து ஊற்றும் தோசை ஓரளவு தேறிவிட்டது. உளுந்தில்லாத இட்லி மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. அது இட்லியே அல்ல என்று பாட்டிமார்கள் அடித்துச் சொல்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

தட்டில் வைப்பதை மட்டுமல்ல, தட்டில் மிஞ்சுவதையும் நிறுக்க வேண்டும். 40 கிராம் சோறு வைத்து 12 கிராம் மிஞ்சினால் உள்ளே போனது 28 என்று எழுதி, மீதியை மாலையில் வேறு வடிவில் கொடுக்க வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. காய்ச்சல் நாளில் பட்டினி போடுவது நம் வழக்கம். இந்தப் பிள்ளையை அப்படிப் போட்டால் உடம்பு தன் சதையையே உடைத்து எரிக்கத் தொடங்கும்; வாயில் ஒன்றும் படாமலே ரத்த அளவு ஏறிவிடும். அன்றைக்குக் கருப்பட்டித் தண்ணீரும் கூவைக் கஞ்சியும் மாவுக் கரைசலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது பணத்துக்கு வருகிறோம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் பி.கே.யூ. இடம்பெற்றிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட உயர் சிகிச்சை மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டுக்குச் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அப்படியொரு மையம். வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் இத்தகைய மருத்துவ உணவுக்கு 2023 ஏப்ரல் முதல் சுங்க வரி விலக்கும் உண்டு. உரிய சான்று வேண்டும். எல்லாம் சரி. ஆனால் விண்ணப்பம் நகர்வது ஒரு வேகம், பிள்ளைக்குப் பசிப்பது இன்னொரு வேகம். டின் காலியான அன்றைக்குக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகில் போகிறவருக்கும், ஐஸ் உடைக்கிறவருக்கும், கருவாடு காயவைக்கிறவருக்கும் கையில் காசு இராது. தடைக்கால நிவாரணம் அரிசிக்கும் வட்டிக்குமே சரியாகப் போய்விடும். அந்த மாதங்களில்தான் மாவில் கை வைக்கிறார்கள். மூன்று வேளைக்கு இரண்டு வேளை, நான்கு கரண்டிக்கு மூன்று கரண்டி. பார்ப்பதற்குப் பிள்ளையிடம் ஒரு மாற்றமும் தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 2 முதல் 6 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய ஃபீனைல்அலனின் எங்கோ போய் நிற்கும்.

ஆகவே இந்த ஆண்டு நாங்கள் கேட்பதில் பெரும்பங்கு, தடைக்காலம் தொடங்கும் முன் மாவை வாங்கி இருப்பு வைப்பதற்கு. எங்கள் குழுவில் உள்ள பிள்ளைகள் கைவிரலுக்குள் அடங்குபவர்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் வயதுக்கேற்ற மாவு வேறு. இருப்பிலிருந்து எடுத்துக்கொண்ட குடும்பம், அரசு வழியில் தனக்கு மாவு வந்ததும் அதே அளவை இருப்பில் திருப்பி வைக்கும். இது தானம் அல்ல, கைமாற்று. அப்படித்தான் நடத்த விரும்புகிறோம். வாங்குகிறவருக்கும் தலை நிமிர்ந்து வாங்க முடிகிறது.

மீதிப் பணம் சிறு செலவுகளுக்கு. விரல் நுனியில் குத்தி அட்டையில் ரத்தப் பொட்டு வைத்துக் காயவைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவு, எழும்பூருக்கு ரயில் கட்டணம், சமையலறை வாடகை, எரிவாயு. வீட்டுக்கொரு தராசும் வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கிறது. பெரிய தொகை கொடுக்க இயலாதவர்கள் ஒரு தராசை ஏற்றுக்கொள்ளலாம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் கொடுக்க ஒரு பக்க அறிவிப்பும் அச்சிட வேண்டும். சத்துணவு முட்டையும் சத்துமாவும் இந்தப் பிள்ளைக்குக் கூடாது என்பதை எந்த ஆசிரியரும் தாமாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. சர்க்கரை சேர்க்காத குளிர்பானங்களில் இடும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பும் இவர்களுக்கு ஆகாது. அந்த எச்சரிக்கை பாட்டிலிலேயே இருக்கிறது. படிக்க முடியாத அளவில்.

இந்த உணவுமுறை வந்த கதையும் ஒரு தாயின் பிடிவாதத்தால்தான். 1934-இல் நார்வே மருத்துவர் ஃபோலிங் நோயைக் கண்டறிந்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள் சிகிச்சை இல்லை. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு தாய், என் பெண்ணுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று மருத்துவர்களை விடாமல் நச்சரித்தார். ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் ஃபீனைல்அலனின் நீக்கிய உணவைத் தயாரித்துக் கொடுத்தார்கள். நச்சரிப்பதற்கு நாங்கள் வெட்கப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் தவிர ஒரு கோரிக்கை உண்டு. பிறந்து ஒரு நாள் கழிந்தபின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இந்த நோயைக் கண்டுபிடித்துவிடலாம். நம் நாட்டில் இது எல்லாப் பிறப்புக்கும் கட்டாயமாக்கப்படவில்லை. வீட்டில் பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள், குறிப்பாக உறவுக்குள் மணம் முடித்தவர்கள், மருத்துவரிடம் கேட்டு இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

கொடுக்க விரும்புவோருக்குச் சில விவரங்கள். உச்சிப்புளிச் சமையலறையில் செவ்வாய், சனி மாலைகளில் பொருளாளர் இருப்பார். வங்கிக் கணக்கு எண் அங்கே கரும்பலகையில் எழுதியிருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள், இந்தியக் குடிமக்களாக இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் வாங்க எங்களுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை, மன்னிக்கவும். ஜகாத் என்று குறித்துக் கொடுப்பதைத் தனிக் கணக்கில் வைத்து, ஜமாஅத் பெரியவர்கள் காட்டும் குடும்பங்களின் மாவுக்கு மட்டும் செலவிடுகிறோம். வருமான வரிச் சலுகைக்கான பதிவு இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை; அதை எதிர்பார்த்துக் கொடுப்பவர்கள் பொறுத்திருக்கலாம்.

வரவு செலவுக் கணக்கு மாதம் ஒருமுறை சமையலறை வாசலில் ஒட்டப்படும். எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் இல்லாமல் எங்கள் பெயரைச் சொல்லி யார் வந்தாலும் பணம் கொடுக்க வேண்டாம். மாவுக்கு முன்பணம் மார்ச் கடைசி வாரத்தில் கட்டியாக வேண்டும். அதற்கு முன்னால் வருவது இந்தத் தடைக்காலத்துக்கு உதவும், பின்னால் வருவது ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களுக்கான இருப்பில் சேரும்.

இப்படிக்கு,
பெற்றோரும் ஊராரும் அடங்கிய குழுவினர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.